மீரியபெத்தவும் பிரேத அறையின் பதிவேடும்

அரசாங்க வைத்தியசாலை எதுவாயினும், அதன் பின்புறத்து மூலையொன்றிலே, நோயாளரைப் பார்க்க வருவோரின் கண்ணிற் படாதவாறு, ஒரு சிறு கட்டடம் நிற்பதைக் காணலாம். பிரேத அறை என்றும் சவச்சாலை என்றும் அதனை அழைப்பர். நல்ல நாளிலே அதன் பெயரைச் சொல்லவும் நம்மவர் அஞ்சுவர். அவ்வறையைப் பற்றி வானொலியிற் பேசுவது மங்கலமன்று என்று கருதும் நேயர்களும் இருக்கக்கூடும். எனினும் ஒரு சமுதாயம் தன் மாந்தரை எவ்வாறு மதித்தது என்பதை அறிய விரும்புவோருக்கு, அரண்மனைக் கல்வெட்டை விட அவ்வறையின் பதிவேடு சில வேளைகளிற் கூடுதலான சான்று தருகிறது. ஊவா மாகாணத்தின் தேயிலை மலைகளிலே, கொஸ்லந்தைக்கு அணித்தான மீரியபெத்தத் தோட்டத்தில் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நிகழ்ந்தது அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும்.

பிரேத அறை தோன்றிய கதை நெடியதன்று. பாரிஸ் மாநகரிலே 1804-ஆம் ஆண்டில் ஆற்றங்கரையில் அத்தகைய நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1864-இல் அது நோத்ர தாம் பேராலயத்தின் பின்புறத்துக்கு மாற்றப்பட்டது. செயின் ஆற்றில் மிதந்து வந்தோரும் தெருவில் விழுந்து மாண்டோருமான பெயர் தெரியாதவர்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே கிடத்தி, அவர்தம் உடைகளை அருகிலே தொங்கவிட்டு, வழிப்போக்கரெல்லாம் பார்த்துச் செல்ல விடுத்தனர். எவரேனும் ஒருவர் இன்னார் என்று அடையாளங் கூறமாட்டாரா என்பதே நோக்கம். நாளடைவில் அது வேடிக்கை பார்க்கும் இடமாய்ச் சீர்குலைந்தமையால் 1907-இல் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டது. முறை தவறாய்ப் போயினும் நோக்கம் சரியானதே. உடலைக் குளிரில் வைத்துக் காப்பதும், கத்தி கொண்டு அறுத்து ஆராய்வதும் பின்னர் வந்து சேர்ந்த வேலைகள். இறந்தவரின் பெயரைக் கண்டு உறவினர் கையில் ஒப்படைப்பதே அவ்வறையின் முதற் கடமையாக இருந்தது. இன்றும் இருந்து வருகிறது.

அக்கடமை நாள்தோறும் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை அறிந்தோர் சிலரே. காலையில் அறையைத் திறக்கும் மேற்பார்வையாளர் முதலிற் செய்வது எண்ணுதல். முன்னாள் மாலை பூட்டியபோது எத்தனை உடல், இரவில் விடுதிகளிலிருந்து வந்தவை எத்தனை, பொலிசார் கொணர்ந்தவை எத்தனை என்று பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாக எண்ணிப் பார்க்கிறார். தாளிலுள்ள எண்ணும் தட்டிலுள்ள எண்ணும் ஒத்துவந்த பின்னரே வேறு வேலை. அடுத்துக் குளிர்ப்பெட்டியின் வெப்பமானி. 2 பாகை முதல் 4 பாகை வரை அது நிற்றல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் மலைநாட்டு மழைக்காலங்களில் அந்த ஊசியைப் பார்ப்பதே பெரும் பொறுப்பாகிவிடும்.

உடல் ஒன்று வந்து சேர்ந்ததும் அதற்கொரு தொடரிலக்கம் வழங்கப்படும். அவ்விலக்கம் வேறெந்த உடலுக்கும் வழங்கப்படலாகாது. இலக்கச் சீட்டை உடையிற் கட்டுதல் போதாது, உடை களையப்படும் ஆதலால். கை மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்டப்படும். உடலோடு வந்த பொருள்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதிலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தேர்ந்த மேற்பார்வையாளர் 'தங்க மோதிரம்' என்று எழுதமாட்டார். 'மஞ்சள் நிற உலோகத்தாலான மோதிரம்' என்றே எழுதுவார். கண்டதை மட்டும் எழுதுவது, கருதியதை எழுதாமல் விடுவது என்னும் ஒழுங்கு அதிலே அடங்கியிருக்கிறது. தாலிக்கொடி, காதோலை, பச்சை குத்திய பெயர், பழைய காயத்தின் தழும்பு, பல் விழுந்த இடம் முதலிய யாவும் அவ்வாறே எழுதப்படும்.

உறவினர் வந்து அடையாளங் காட்டி, கையொப்பமிட்டு, உடலைப் பெற்றுச் செல்லும் வரையில் அவ்வுடலுக்கு மேற்பார்வையாளரே பொறுப்பு. ஒரே பெயருடைய இருவர் ஒரே நாளில் மாண்டுபோவதுண்டு. மலையகத் தோட்டங்களிலோ இராமசாமிகளும் மாரியாயிகளும் லயத்துக்கு லயம் இருப்பர். ஓர் உடல் மாறிச் சென்று அடக்கமும் ஆகிவிட்டால், இரண்டு குடும்பங்களின் துயரம் ஆற்றவொண்ணாததாகும். ஆதலால் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தேசிய அடையாள அட்டையின் இலக்கம் என்பன ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்க்கப்படுகின்றன. உரிமை கோருவாரில்லாத உடல்களும் உண்டு. அவற்றைப் புகைப்படம் எடுத்து, குறிப்புகளைப் பேணி, நீதிவானின் கட்டளை பெற்றே அரசாங்கச் செலவில் அடக்கஞ் செய்வர். மாலையிலே தரை கழுவி, கருவிகளைக் கொதிநீரிலிட்டு, மீண்டும் எண்ணிப் பூட்டுவதோடு நாள் முடிகிறது. இவ்வேலைகளைக் கையாற் செய்யும் சிற்றூழியருக்கு ஊரிலே கிடைக்கும் மதிப்பு அவர் செய்யும் தொண்டுக்கு ஏற்றதன்று. இது நம் சமுதாயத்தின் பழைய குறை.

நேரத்தைக் குறித்து வைப்பதும் இக்கடமையின் ஒரு பகுதி. 1951-ஆம் ஆண்டிலே கொழும்பில் நிகழ்ந்த ஒரு கொலையின் பொருட்டு, புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம் எதிரிக் கூண்டில் நின்ற வழக்கை முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். மரணம் எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பதே அவ்வழக்கின் உயிர்நாடியாயிற்று. கொழும்பின் சட்ட வைத்தியப் பேராசிரியர் த சேரம் ஒரு நேரத்தைக் கூறினார். ஸ்கொத்லாந்திலிருந்து வருவிக்கப்பட்ட சேர் சிட்னி ஸ்மித் அதனை ஏற்கவில்லை. 1953-இல் சதாசிவம் விடுதலையானார். குளிர்நாடுகளில் வகுத்த கணக்கு வெப்பநாட்டு உடலுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் அக்காலத்தில் தீராததாயிருந்தது. பின்னர் 1955-இல் த சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி என்னும் மூவர், தூக்கிலிடப்பட்ட கைதிகள் 41 பேரின் உடல்களில் வெப்பம் தணிந்த வகையை மணிக்கு மணி அளந்து ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். மரணம் நிகழ்ந்த நிமிடம் ஐயமின்றித் தெரிந்த உடல்கள் அவை மட்டுமே ஆதலின் அவற்றைத் தேர்ந்தனர். உலகெங்குமுள்ள சட்ட வைத்தியர்கள் அவ்வாய்வை இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர்.

இவ்வளவு நுட்பமான கணக்கு கொழும்பிலே நடைபெற்ற இதே தீவில், மலைநாட்டுத் தோட்டங்களின் மரணக் கணக்கு எந்நிலையில் இருந்தது? இதற்கு விடை தேடுவோர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1840-களில் கோப்பித் தோட்டங்களுக்கென மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து புறப்பட்டோர், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்குச் செல்வோருக்கு அதற்கப்பாலும் பல நாள் நடை. பேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழி நெடுகக் காத்திருந்தன. அப்பத்தாண்டில் மாண்ட தொழிலாளர் தொகை 70,000 வரை ஆகும் என்று 1849-இல் 'கொழும்பு ஒப்சர்வர்' பத்திரிகை மதிப்பிட்டது. அது மிகை என வாதிட்டோரும் உண்டு. மிகையா குறையா என்பதைத் தீர்க்க இன்று வழியில்லை, ஏனெனில் அவர்களைப் புதைத்தவர் எவரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. வழியோரத்துப் புதர்களுக்குள் விடப்பட்டோர் பலர்.

அதே காலத்திலே அதே ஊவாவில் நிகழ்ந்த மற்றொரு மரணத்தை இதனோடு சேர்த்து நோக்கலாம். பதுளையில் அரசாங்கத்தின் பிரதிநிதியாய் இருந்தவரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவருமான மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், 1845-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். நாள் தெரிகிறது; இடம் தெரிகிறது; காரணம் தெரிகிறது. நுவரெலியாவில் அவருக்குக் கல்லறை உண்டு. பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகவே எழுந்தது. 1857-இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. அம்மலைச்சரிவுகளிலே அதே ஆண்டில் மழையிலும் குளிரிலும் மாண்ட தமிழருள் ஒருவர் பெயரேனும் எந்தக் கல்லிலும் இல்லை. ஆலயத்தின் மீது குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அக்காலத்தில் எவர் மரணம் எழுத்துக்குரியதாய்க் கருதப்பட்டது என்பதை அக்கட்டடம் தெளிவாய்க் காட்டுகிறது.

தோட்டத்தில் எண்ணுதலே இல்லை என்றும் கூறிவிட முடியாது. உயிரோடிருப்போரை நாள்தோறும் எண்ணினார்கள். விடியற்காலையிலே தப்பு முழங்க, பிரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்தி, செக்ரோல் என்னும் பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே குறியிட்டனர். தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. 1901-ஆம் ஆண்டுமுதல் வழிச்செலவுக் கணக்கின் பொருட்டுத் தகரச் சீட்டு என்னும் முறையும் புகுந்தது. தோட்டத்தின் இலக்கம் துளையிடப்பட்ட சிறு தகர வில்லையைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திற் கட்டிக்கொண்டே தொழிலாளர் பயணஞ் செய்தனர். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அவ்வில்லை காட்டும். பிரேத அறையில் இறந்தோர் கையிற் கட்டும் இலக்கத்தை, உயிரோடு வந்தோர் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்தனர் என்பது வரலாற்றின் கொடிய விசித்திரங்களுள் ஒன்று. இறந்தவுடன் பேரேட்டிற் பெயர் அடிக்கப்பட்டது. கடன் மட்டும் சில இடங்களில் உறவினர் கணக்குக்கு ஏறிற்று.

சட்டங்கள் வராமற் போகவில்லை. 1867-ஆம் ஆண்டிலே பிறப்பு இறப்புப் பதிவு சட்டமாயிற்று. 1872-ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைக் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியரையும் வைத்தியசாலைகளையும் அளிக்க முற்பட்டது. 1912-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கப் பதிவுச் சட்டம் தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சர் மீது சுமத்திற்று. நாட்டின் ஏனைய பகுதிகளில் வீட்டாரும் கிராம உத்தியோகத்தரும் செய்யும் வேலையைத் தோட்டத்திலே துரையின் கந்தோர் செய்தது. எழுத்து ஒன்று தவறினாலும், பெயரை ஆங்கில ஒலிக்கேற்ப எழுதிவிட்டாலும், அதனைத் திருத்தத் தொழிலாளிக்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை.

அத்தவறு பின்னாளில் எவ்வளவு விலை கொண்டது என்பதை 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் காட்டிற்று. தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டுமென அது கேட்டது. பாட்டன் பிறந்ததற்கு லயத்திலே எங்கே சான்று? பதிவேட்டில் ஏறாத பிறப்பு, பேரன்மாரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மலையகத்தாரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை நீண்டது. அதனால் ஒரே லயத்தில், அடையாள அட்டை பெற்ற அண்ணனும் பெறாத தம்பியும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தனர்.

தோட்டத்து மரணங்களிற் பெரும்பாலானவை வைத்தியசாலையின் பிரேத அறையை எட்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நோயுற்று மாண்டவர் லயத்துக் காம்பராவின் இஸ்தோப்பிலே கிடத்தப்படுவார். தப்புச் சத்தம் மலையெங்கும் கேட்கும். பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பர். அயல் தோட்டத்திலுள்ள உறவினர் வரும்வரை உடல் காத்திருக்கும். மரணாதாரச் சங்கத்தார் செலவுக்கு உதவுவர். கோடித் துணி போர்த்தி, தேயிலைக்கிடையே ஒதுக்கப்பட்ட மயானத்தில் அடக்குவர். பிரேத அறையின் வேலை முழுவதையும் லயமே செய்தது எனலாம். எவர் மாண்டார் என்பதில் அங்கே ஐயமே எழாது, ஊர் முழுவதும் முகம் பார்த்தே வழியனுப்பும் ஆதலால். சான்றுப் பத்திரத்திலே பெயர் பிழையாய் இருக்கலாம். இஸ்தோப்பில் கூடியோர் அழைத்து அழுத பெயர் பிழைபட்டதில்லை.

விபத்தாலோ திடீரெனவோ நேரும் மரணத்துக்கு மட்டும் சட்டம் வேறு வழி வகுத்திருக்கிறது. 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, திடீர் மரண விசாரணை அதிகாரி உடலைக் கண்ணாற் பார்த்து, சாட்சியம் கேட்டு, காரணத்தை எழுதவேண்டும். தேவையாயின் வைத்திய அதிகாரி அறுத்து ஆராய்வார். அதன் பின்னரே உடல் உறவினர் கையில் ஒப்படைக்கப்பெறும். மரணப் பதிவும் நடைபெறும். இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே ஒரு தூணின்மேல் நிற்கிறது. உடல் இருக்கவேண்டும்.

2014-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 22-ஆம் நாள் வந்தது. அதற்கு அடுத்த புதன்கிழமை காலை ஏறத்தாழ ஏழரை மணிக்கு, பல நாள் மழையில் ஊறிய மலைச்சரிவு மீரியபெத்த லயங்களின் மீது இறங்கிற்று. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒரு நாளே குறைவு. பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் பெருந்தெருவில், தியலும நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள கொஸ்லந்தை அதுவரை உல்லாசப் பயணிகள் தேநீர் அருந்த நிற்கும் சிற்றூராகவே அறியப்பட்டிருந்தது. அன்று மாலைக்குள் அப்பெயரை உலகம் அறிந்தது. ஏழு லய வரிசைகள் சேற்றுள் மறைந்தன. கோயிலும் கடைகளும் உடன் சென்றன. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மலை ஆபத்தானது என்றும், மக்களை அகற்றுதல் வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மாற்று நிலமும் வீடும் எழுந்திருக்கவில்லை. போக இடமில்லாதவனிடம் போ என்று சொல்லுதல் பயன் தராது.

இராணுவத்தினர் இயந்திரங்களுடன் தோண்டத் தொடங்கினர். மழை ஓயவில்லை, தோண்டிய குழியில் மீண்டும் சேறு வந்து நிரம்பிற்று. அத்துடன் மற்றொரு தடுமாற்றமும் தோன்றிற்று. எத்தனை பேரைத் தேடுகிறோம் என்பதே எவருக்கும் தெரியவில்லை. நூறு என்றனர், இருநூறுக்கு அணித்து என்றனர், முந்நூறு என்ற செய்தியும் பரவிற்று. நாட்கள் செல்லச் செல்ல அவ்வெண் சுருங்கிற்று. அதிகாரபூர்வமாய் ஏற்கப்பட்ட தொகை இறுதியில் நாற்பதுக்கு உட்பட்டதாய் நின்றது. அதிலும் மண்ணிலிருந்து கிடைத்த உடல்கள் பாதிக்கும் குறைவே.

ஒரு தோட்டப் பிரிவில் வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதில் நூற்றுக்கணக்கான வேறுபாடு எவ்வாறு தோன்றும்? பதற்றத்தில் எழுந்த வதந்தி ஒரு காரணம். மற்றது ஆழமானது. செக்ரோலில் இருப்பது வேலை செய்வோர் பெயர். கிழவரும் குழந்தைகளும் அதில் இரார். கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் சென்ற இளைஞர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கும். ஆள் லயத்தில் இரான். திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த தோட்டத்திலேயே இருக்கும். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரியும் இல்லை. பல குடும்பங்களின் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வருவன. ஆகவே அதிகாரிகள் செய்யக்கூடியது ஒன்றே. தப்பியோரை எண்ணி, இருந்தோர் தொகையிலிருந்து கழித்து, எஞ்சியோரைக் காணாமற் போனோர் என்று எழுதவேண்டும். கொஸ்லந்தை, பூனாகலைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டோரிடம் குடும்பம் குடும்பமாய்க் கேட்டறிந்தே கணக்குத் தெளிந்தது. இத்தகைய வேளைகளிற் பள்ளிக்கூடத்து வரவுப் பதிவேடு எவ்வளவு உறுதியான சான்று என்பதை ஆசிரியர்கள் உணர்ந்திருத்தல் நன்று. காலை ஏழரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இடப்படும் அந்தச் சிறு குறி, ஒரு பிள்ளை அன்று உயிரோடிருந்ததற்குச் சாட்சியாகலாம்.

சேற்றில் நாட்கணக்கிற் கிடந்த உடலை முகம் பார்த்து அடையாளங் காணுதல் இயலாது. துயரத்தால் கலங்கிய கண் பிறர் உடலைத் தன்னவர் என்று கொள்வதும் உண்டு; தன்னவரை மறுப்பதும் உண்டு. மஞ்சள் நிற உலோக மோதிரம், சேலைக் கரையின் நிறம், பல், தழும்பு என்று மேற்பார்வையாளர் எழுதிய குறிப்புகளே அப்பொழுது வழிகாட்டும். சிறு வைத்தியசாலைகளின் பிரேத அறையோ ஓரிரு உடல்களுக்கு மேல் ஏற்கும்படி அமைக்கப்படுவதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, காலியை அடுத்த கராப்பிட்டிய போதனா வைத்தியசாலை போன்ற பெரிய நிலையமே உடல்களை வைக்க இடமின்றித் தத்தளித்தது. அங்கே சட்ட வைத்தியர்கள் புகைப்படம் எடுத்து இலக்கமிட்டு வைத்த பின்னரே அடையாளம் தெரியாத பலரைக் கூட்டாக அடக்கினர். வேறு பல கரையோர ஊர்களில் அதற்கும் காலம் இருக்கவில்லை. பிணங்களாற் கொள்ளைநோய் பரவும் என்னும் அச்சத்தால், பெயர் கேட்கப்படாமலே பலர் புதைக்கப்பட்டனர்.

அந்த அச்சம் ஆதாரமற்றது. இயற்கைப் பேரிடரில் மாண்டோர் காயத்தாலும் மூச்சடைப்பாலும் மாண்டவர். தொற்றுநோயால் மாண்டவர் அல்லர். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் கூடி 2006-இல் வெளியிட்ட கைநூல் இதனை வற்புறுத்துகிறது. கண்டெடுத்த இடத்திலேயே இலக்கமிடு, படம் எடு, பொருள்களைப் பிரிக்காதே, குளிர்வசதி இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது ஒரே வரிசையாய்த் தற்காலிகமாய் அடக்கஞ் செய், பின்னர் எடுக்கத்தக்கதாய் இடத்தைக் குறி என்பன அதன் விதிகள். எந்த வைத்தியசாலையிலும் நாள்தோறும் நடப்பதை வெட்டவெளியிலே செய்வதற்குரிய முறையே அது.

மீரியபெத்தவிலோ பெரும்பாலோரின் உடலே வரவில்லை. உடலில்லாத மரணத்துக்குச் சட்டம் என்ன சொல்லும்? 1895-ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் முதலில் வகுத்தது, ஏழாண்டு செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பதாகும். கடல் கடந்து சென்று மறைந்தோரை எண்ணி எழுதிய விதி அது. கண்ணெதிரே மலை விழுந்து மூடிய மனைவிக்காக ஏழாண்டு காத்திருப்பது எவ்வாறு? 2005-இல் ஆழிப்பேரலையின் பொருட்டு இறப்புப் பதிவுக்கெனத் தற்காலிகத் தனிச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றியது இக்காரணத்தாலேயே. மரணச் சான்றுப் பத்திரம் இன்றேல் ஊழியர் சேமலாப நிதியிலுள்ள பணத்தைப் பெறுதல் அரிது. வங்கிக் கணக்குத் திறவாது. தாய் தந்தையற்ற பிள்ளைக்குப் பாதுகாவலர் நியமிப்பதும் தடைப்படும். தோட்டத் தொழிலாளி வாழ்நாள் முழுதும் சேர்த்த ஒரே சொத்து அந்நிதிப் பணமாகவே இருத்தல் கூடும்.

சமயச் சடங்குக்கும் இதே இடர். உடல் கிட்டாதவர்க்குத் தருப்பைப் புல்லால் உருவம் சமைத்துத் தீயிலிட்டுக் கருமஞ் செய்யலாம் என்று பழைய நூல்கள் கூறும். தோட்டத்து மக்களோ பெரும்பாலும் மண்ணில் அடக்குவோர். அவர்தம் உறவினர் ஏற்கெனவே மண்ணில்தான் இருந்தனர். எந்த இடம் என்பதே தெரியாது. தேடுதல் நின்றபின் அச்சேற்றுப் பரப்பே மயானமாயிற்று. ஆண்டுதோறும் அக்டோபர் 29-ஆம் நாள் அங்கே விளக்கேற்றப்படுகிறது. தப்பியோரில் ஒரு பகுதியினர் மாக்கல்தெனியவில் இருந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டாண்டு அடைபட்டிருந்தனர். 2016 அக்டோபரிலே பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன.

அதே 2016-இன் மே 17-ஆம் நாள் அரநாயக்கவில் மலை சரிந்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்டோருள் பலரின் உடல் கிட்டவில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாளிரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியிலே, தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மீது மண் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் அகப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் பெருந்துயருக்கு ஆளாயிற்று. மலைச்சரிவில் லயம் கட்டிய காலத்தின் பழி கடலுக்கு இரு கரையிலும் தொடர்கிறது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டிலே சூரல்மலையும் முண்டக்கையும் அழிந்தபோது, சாலியாற்று வெள்ளம் உடல்களைப் பல மைல் தொலைவிலுள்ள நிலம்பூர் வரை அடித்துச் சென்றது. நிலம்பூர் வைத்தியசாலையிலும் மேப்பாடியிலும் அறுவைப் பரிசோதனை இரவும் பகலும் நடந்தது. அடையாளங் காண இயலாத ஒவ்வோர் உடலிலிருந்தும் உடலுறுப்புகளிலிருந்தும் மரபணு மாதிரி எடுக்கப்பட்டது. பின்னர் அவற்றைப் புத்துமலையிலே தேயிலைத் தோட்ட நிலத்தில் அடக்கினர். அப்புத்துமலையே 2019 ஆகஸ்டில் மண்சரிந்து பலரை இழந்த இடமாகும். இம்முறை ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் மாதிரியின் இலக்கம் பொறித்த கல் நடப்பட்டது. எந்தச் சமயத்தவர் என்று தெரியாமையால், எல்லாச் சமயத்தாரும் கூடி வழிபாடு நிகழ்த்தினர். சில வாரங்களுக்குப் பின் மரபணுச் சோதனையின் முடிவுகள் வரத் தொடங்கின. இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டு உறவினர் வரிசை வரிசையாய்த் தேடி வந்து, அக்கற்களின் அருகே பெயர் எழுதிய பலகைகளை வைத்தனர்.